நாக் ஆஃப்

மே 6

குழாயில் தண்ணீர் வந்தது. இருக்கிற பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் இவர் நிற்கிறார். பஜார் முழுவதும் கிருமிநாசினி அடித்துவிட்டு வந்த கோலம். உள்ளே விடாமல் அங்கேயே நிறுத்தி வெந்நீர் ஊற்றினேன். முதுகில் கை பட்டபோது, ஊற்றுகிற வெந்நீரைவிட முதுகு சூடாக இருந்தது.

"காய்ச்சல் அடிக்கே?"

"வெயில்ல நின்னது. சும்மா கெட, டீச்சர்."

யார், எவர் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை நடத்தியவள் நான். நான் உலகம்மாள், நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியை. இவர் என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம், தீயணைப்பு நிலையத்தில் முன்னணித் தீயணைப்பாளர். ஒரு மகள், கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இவரிடம் பேசினால் நாக் ஆஃப் காட்டிவிடுகிறார். அதனால் டைரி.

நாக் ஆஃப் என்பது அவர்கள் நிலையத்துப் பாஷை. தீ அணைந்ததும் முன்னால் நிற்கிறவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி மாதிரி வைப்பார். வண்டிக்காரர் தண்ணீரை நிறுத்துவார். இவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நான் ஒரு விஷயத்தைத் தொடங்கி நாலு விஷயத்துக்குப் போனால், உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தூக்கிப் பெருக்கல் குறி. போதும், பைப்பை மூடு என்று அர்த்தம். மகளும் சின்ன வயதில் கற்றுக்கொண்டு எனக்கே காட்டினாள். ஒரு வாத்தியாருக்கு இப்படி ஒரு வீடு.

மே 8

கொரோனா தொற்று என்று வந்துவிட்டது. பின்னறையில் தனியாகப் படுத்திருக்கிறார். காய்ச்சல், இருமல். தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்து நின்று பேசுகிறேன். தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று உள்ளிருந்து சத்தம் வருகிறது. இருமலுக்கு நடுவிலும் கேலி.

கொழுந்தன் ஆவுடையப்பன் கபசுரக் குடிநீரை பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுவந்தார். பஜாரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறார். அண்ணன் மேல் உயிர். "மைனி, எதிர்ப்பு சக்திய மட்டும் ஏத்திவிட்ருவோம். அப்புறம் எந்தக் கிருமி வந்தா என்ன?" என்றார். மூன்று வேளையும் கொடுக்கிறேன். கசப்பில் இவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவாவது கொடுக்கலாம்.

படுத்தபடியே மாசி மாசம் மில்காரர்கள் பஞ்சுப் பொதி அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் பிடித்த தீயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நூறு தடவை கேட்டாயிற்று. தீ சீக்கிரமே அணைந்துவிட்டதாம். மில் ஆட்கள் பயத்தில் தங்கள் மோட்டாரைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்களாம். இவர் கையைத் தூக்கிக் காட்டினால் அவர்களுக்கு என்ன புரியும்? பஞ்சுப் பொதி தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊதி, சுவரை வெளியே தள்ளிவிட்டது. "தீ ஒரு மூலையத்தான் தின்னுச்சு. கெட்டடத்தை சாய்ச்சது தண்ணி" என்று முடிப்பார். இன்றைக்கும் அப்படித்தான் முடித்தார். ஆனால் நடுவில் இரண்டு இடத்தில் நின்று நின்று சொன்னார்.

மே 9

மாவு அரைத்தேன். மகள் போனில் அழுதாள். நான் அழவில்லை. இரண்டு பேரும் அழுதால் பேச ஆள் வேண்டாமா?

மே 12

காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. எனக்கு உயிர் வந்தது. இட்லி கேட்டார். மூன்று வைத்தேன், ஒன்றைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

மத்தியானம் செய்யது வந்தார். இவருடைய நிலையத்தில் வண்டி ஓட்டுகிறவர், பல வருஷத்துச் சேக்காளி. ஜன்னலுக்கு வெளியே நின்று, "என்னண்ணே, எப்படி இருக்கிய?" என்றார். இவர் "நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு எடுத்து "வே" என்றார். செய்யது முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"மதினி, அண்ணன் சட்டைப் பொத்தானை மாட்டச் சொல்லுங்க."

இவர் இரண்டு பொத்தான் மாட்டினார். மூன்றாவதில் கையை மடியில் போட்டுவிட்டார். செய்யது தன் பையிலிருந்து விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். எண்பத்தி நாலு காட்டியது. எனக்கு அது நல்ல மார்க்காகத்தான் தெரிந்தது. செய்யது அதற்குள் நூற்றெட்டுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"ஃபயர் சர்வீஸ்காரன் மூச்சு வாங்குதுன்னு வாயால சொல்லமாட்டான் மதினி. புகைக்குள்ள யாரு ரொம்ப நேரம் நிக்கான்னு போட்டி போட்டு வளர்ந்த கழுதைக நாங்க" என்றார்.

ஆம்புலன்சில் ஏறும்போது இவர் கேஸை அணைத்தாயா என்று கேட்டார். அணைத்திருந்தேன்.

மே 13

திருநெல்வேலி. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதி என்ன ஆகப்போகிறது? நீளமான வார்டு. கட்டிலுக்கு ஒரு உயிர், உயிருக்கு ஒரு குழாய். முகத்தில் மாஸ்க் மாட்டியிருக்கிறார்கள், உஸ்ஸென்று சத்தம். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரலின் பின்பக்கத்துக்குக் காற்று போகுமாம். இவருடைய தொப்பை ஒத்துழைக்கவில்லை. தலையணையை அண்டக்கொடுத்துப் புரட்டிப் போட்டோம். நாலு மாசத்தில் மகள் குப்புறக் கவிழ்ந்ததுபோல் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

எனக்கும் சோதித்தார்கள். எனக்கு இல்லை என்று வந்தது. பின்னால் தகரக் கொட்டகையில் நோயாளிகளின் வீட்டு ஆட்கள் தங்குகிறார்கள். எனக்கும் ஒரு மூலை கிடைத்தது. கொட்டகையில் சூடு தாங்கவில்லை. இரண்டு சேலை கொண்டுவந்திருக்கிறேன், ஒன்று காய ஒன்று உடுத்த.

மே 15

டாக்டர் ஜெபசெல்வி என்று ஒரு பெண். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். நின்றுகொண்டே தூங்குகிற முகம். ஆனாலும் என்னை உட்கார வைத்துப் பேசினாள்.

"அம்மா, காய்ச்சல் விட்டதும் சரியாயிட்டுன்னு நெனச்சிருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் ஏமாந்து போறாங்க. வைரஸ் இப்ப முக்கால்வாசி போயாச்சு. இப்ப அவரைப் படுத்துறது வைரஸ் இல்ல."

"பெறவு?"

"அதை அடிக்கக் கெளம்புன அவரோட சொந்த எதிர்ப்பு சக்தி. கிருமி போன பிறகும் அது நிக்கமாட்டேங்குது. நல்ல இடத்தையும் போட்டு அடிக்குது. ரத்தக்குழாய் கசிஞ்சு, நுரையீரல்ல காத்து நிக்கவேண்டிய இடத்துல நீர் நிக்குது. இதை அழற்சின்னு சொல்லுவோம். அதை அடக்க ஸ்டீராய்டு போட்டுக்கிட்டு இருக்கோம்."

அழற்சி. அழல் என்றால் தீ. வகுப்பில் எத்தனையோ முறை எழுதிப்போட்ட சொல். பெயர் தீயின் பெயராக இருக்கிறது, உள்ளே நிற்பதோ தண்ணீர். தமிழ் வாத்தியாருக்கு நல்ல நேரத்தில் நல்ல சந்தேகம் வருகிறது.

ஆவுடையப்பனிடம் போனில் சொன்னேன். பதறிப்போனார். "என்ன மைனி சொல்லுதிய? திருடன் வீட்டுக்குள்ள நிக்கும்போது நாயப் புடிச்சுக் கட்டுதாகளா? எதிர்ப்பு சக்தி இல்லாமப் போனா அண்ணன் எதை வச்சுப் பொழைப்பான்? ஸ்டீராய்டுன்னா கொஞ்சமா நஞ்சமா? சுகர ஏத்தும், எலும்ப உருக்கும்." அவர் சொல்வது நியாயமாக இருந்தது. டாக்டர் சொல்வதும் நியாயமாக இருந்தது. எனக்கு இரண்டு நியாயத்தைத் தாங்குகிற தெம்பு இல்லை.

ஆவுடையப்பன் யாரிடமோ கொடுத்துவிட்ட கசாய பிளாஸ்க் கொட்டகையில் இருக்கிறது. உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். கொட்டவும் மனசு வரவில்லை. நானே குடித்தேன்.

மே 16

அழவில்லை. மாஸ்க் நனைந்தது வியர்வையால்.

மே 17

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

விடியும்போதே இவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இறுக்கமான மாஸ்க், காற்றைத் தள்ளுகிற இயந்திரம். பேச முடியாது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கட்டில் கதவுக்கு நேராகத்தான் இருந்தது. நான் போய் நின்றபோது கண் மூடியிருந்தார். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. எல்லா வேலையையும் நெஞ்சு ஒன்றே பார்ப்பதுபோல் இருந்தது.

டாக்டர் வெளியே வந்தாள். "ஸ்டீராய்டுக்கு அடங்கலம்மா. இன்னொரு ஊசி இருக்கு. எதிர்ப்பு சக்தியை இன்னும் நல்லா அடக்கும். கிடைக்கிறதே கஷ்டம், ஒண்ணு வந்திருக்கு. ஆனா வேற கிருமி ஏதாவது தொத்துனா உடம்பு தாங்காது. ரெண்டு பக்கமும் ஆபத்துதான். நீங்க சரின்னாத்தான் போட முடியும். நாளைக்குச் சொன்னாப் பிரயோஜனம் இல்ல, சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. அவர்கிட்டயும் சொல்லிட்டேன், தலையாட்டுனாங்க."

"பொழைச்சிருவாகளா?"

"அதை நான் சொல்லமுடியாதும்மா" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆவுடையப்பன் எப்படியோ அனுமதி வாங்கிக் காரில் வந்து சேர்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். "வேண்டாம் மைனி. இருக்கதையும் அடக்கிட்டா என்ன மிஞ்சும்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். ஆக்சிஜன் சிலிண்டர் நான் ஏற்பாடு பண்ணுதேன். ஆனது ஆகட்டும். இங்கன போனா மூஞ்சியக்கூடக் காட்டமாட்டாக. பையில சுத்திக் குடுத்துருவாக. நம்ம வீட்டுல, நம்ம கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றார். அழுதார். பெரிய மீசை வைத்த மனுஷன் அழுதால் பார்க்கச் சகிக்காது.

இருவரும் கண்ணாடிப் பக்கம் போனோம். இவர் கண்ணைத் திறந்திருந்தார். என்னைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு கையையும் மெதுவாக எடுத்தார். தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. நெஞ்சுக்கு மேலேயே ஒன்றின் குறுக்கே ஒன்றாக வைத்தார். பெருக்கல் குறி.

நாக் ஆஃப்.

ஆவுடையப்பனுக்கும் தெரியும், எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். "பாத்தியளா மைனி? போதும்ங்கான். அண்ணனே சொல்லிட்டான்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. இத்தனை வருஷமாக அந்தக் கை எனக்குப் போதும் என்றுதான் சொல்லியிருக்கிறது. குழம்பு போதும், பேச்சு போதும், புத்திமதி போதும். இப்போது மூச்சு போதும் என்கிறது. எனக்குக் கோபம் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் தன்பாட்டுக்கு முடிவு எடுத்துவிட்டு, எனக்குக் கையைக் காட்டினால் என்ன அர்த்தம்?

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தேன். கண்ணில் ஏதோ விழுந்து கொஞ்ச நேரம் உறுத்தியது. செய்யதுக்குப் போன் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் தூக்க ஆள் வேண்டும், அதற்கு அவர்தான்.

"ஊசி வேண்டாம்னு சொல்லப்போறேன் செய்யது. அவுகளே சொல்லிட்டாக. கண்ணாடி வழியா நாக் ஆஃப் காட்டிட்டாக."

செய்யது குறுக்கே புகுந்தார்.

"என்ன காட்டுனாக? கைய எப்படி வச்சாக?"

சொன்னேன்.

"கையைச் சுருட்டிக் காட்டலையே? ஹோஸைச் சுருட்டுத மாதிரி?"

"இல்ல. குறுக்கதான் வச்சாக."

"மதினி, நல்லாக் கேளுங்க. போவோம், கெளம்புவோம்ங்கதுக்கு எங்ககிட்ட வேற கை இருக்கு. அது மேக் அப். ஹோஸைச் சுருட்டி வண்டில ஏத்துதது. நாக் ஆஃப்னா கெளம்புததில்ல. தீ அணைஞ்சிட்டு, தண்ணிய நிறுத்துன்னு அர்த்தம். தண்ணிதான் நிக்கும். ஆளு எவனும் எடத்தை விட்டு அசையக்கூடாது. புகை திரும்புதான்னு பாத்துக்கிட்டு அங்கனயே நிக்கணும். அண்ணன் நாக் ஆஃப் சொல்லிட்டு ஒருநாளும் ஸ்பாட்டை விட்டுப் போனதில்ல மதினி."

போனைக் காதில் வைத்தபடி நின்றேன். பஞ்சுக் கிட்டங்கி ஞாபகம் வந்தது. தீ ஒரு மூலையைத்தான் தின்றது, கட்டடத்தைச் சாய்த்தது தண்ணீர். வைரஸ் போயாயிற்று என்று டாக்டர் முந்தாநாளே சொன்னாள். நுரையீரலில் நீர் நிற்கிறது என்றாள். ஊசியைப் பற்றி இவரிடமும் சொல்லியிருக்கிறாள், இவர் தலையாட்டியிருக்கிறார். போதும், கூட்டிக்கொண்டு போ என்று இவர் சொல்லவில்லை. தீ அணைந்துவிட்டது, இந்தப் பாழாய்ப்போன தண்ணீரை நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். நூறு தடவை அந்தக் கதையைக் கேட்டவள், நூற்றியோராவது தடவை நிஜமாக நடக்கும்போது கோட்டை விடப் பார்த்தேன்.

ஓடினேன். இந்த வயதில் ஓடினேன் என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. டாக்டர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போடுங்கம்மா. அவுக சரின்னுட்டாக" என்றேன்.

சாப்பிடாமலே எழுந்தாள்.

மே 18

ஊசி நேற்றே போட்டாயிற்று. இன்று மாற்றம் எதுவும் இல்லை. ஆவுடையப்பன் என்னோடு பேசவில்லை. ஊருக்கும் போகவில்லை. காரிலேயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றை மட்டும் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனார். கோபத்திலும் ஊறுகாய் வைக்க மறக்கவில்லை.

ஏதாவது ஆகிவிட்டால் என்னைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். நானே என்னைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் சொன்னால் நல்லது.

மே 19

சேலை துவைத்தேன். பக்கத்து மூலையில் இருந்த கடையநல்லூர்க்காரி சாமான்களை மூட்டை கட்டினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய சோப்புக்கட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மே 21

ரத்தத்தில் ஏதோ ஒரு அளவு பாதியாக இறங்கியிருக்கிறதாம். "சந்தோஷப்படலாமா?" என்று கேட்டேன். "கொஞ்சமா" என்றாள் டாக்டர். கொஞ்சமாகச் சந்தோஷப்பட்டேன். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கிறது, அதற்கு இன்சுலின். ஆவுடையப்பன் சொன்னதும் தப்பில்லை.

மே 24

முழு ஊரடங்கு. டீக்கடை இல்லை. டீ இல்லாமல் தலை இடிக்கிறது.

இறுக்கமான மாஸ்க்கை எடுத்துவிட்டுச் சாதா மாஸ்க் வைத்திருக்கிறார்கள். நெஞ்சு இப்போது அவ்வளவு பாடுபடவில்லை. செய்தியைக் காரில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். பிறகு, "மைனி, நான் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தா?" என்றார்.

"நீங்க ஒருத்தரா சொன்னிய? நானும்தான் சொல்லப்போனேன்" என்றேன். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

ஜூன் 2

வார்டுக்கு வந்துவிட்டார். கிட்டே போய் உட்காரலாம். ஆள் பாதியாகிவிட்டார், முகம் மட்டும் மாத்திரையில் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. கையைப் பிடித்தேன். "கேஸ" என்றார். மூச்சு எடுத்து "அணைச்சியா" என்றார். உதவிக்கு இருந்த நர்ஸ் பெண் சிரித்தாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். வெக்கை.

ஜூன் 9

வீட்டுக்கு வந்தாயிற்று. கூடவே ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று, மாவு மில் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் போனால் இருக்கட்டும் என்று சிலிண்டர் ஒன்றும். செய்யதும் நிலையத்துப் பையன்கள் இருவரும் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். எத்தனை பேரை இப்படித் தூக்கி வெளியே கொண்டுவந்த மனுஷன். தூக்குகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீடு முழுக்கத் தூசி. குடத்தில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் புழு. கொட்டிக் கழுவினேன்.

ஜூன் 20

அலுப்பாக இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லை என்பதற்காக அல்ல, ஒரே மாதிரி எழுத வேண்டியிருக்கிறது என்பதற்காக. காலையில் மாத்திரை, சர்க்கரைப் பரிசோதனை, கஞ்சி, குழாயில் மூச்சை உள்ளிழுத்துப் பந்தைத் தூக்குகிற பயிற்சி. மூன்று பந்தில் ஒன்றுதான் எழும்புகிறது. சிடுசிடுக்கிறார். நானும் சிடுசிடுக்கிறேன். கழிவறைக்குப் போய் வந்தால் ஓட்டப்பந்தயம் ஓடியவர் மாதிரி உட்கார்ந்துவிடுகிறார்.

ஸ்டீராய்டு மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். ஆவுடையப்பனே வந்து கத்தியால் பாதியாக நறுக்கி, டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போகிறார். கசாய பிளாஸ்கில் இப்போது காபி வருகிறது.

ஜூலை 4

டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். நுரையீரலில் தழும்பு இருக்கிறதாம். கொஞ்சம் ஆறும், முழுக்க ஆறாது. ஓடுவது, ஏணி ஏறுவது, புகைக்குள் போவது இனி இல்லை. நிலையத்தில் போன் எடுக்கிற வேலை கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று செய்யது சொன்னார். இவர் சரி என்றார். வீடு வந்து சேர்ந்தோம். "போன்ல பேசுததுக்கும் மூச்சு வேணும்லா" என்று வாசலில் வைத்துச் சொன்னார். பூட்டைத் திறந்தேன்.

ஜூலை 18

இன்று இயந்திரத்தை அணைத்துவிட்டு மத்தியானம் வரைக்கும் இருந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். நல்ல காற்று அடித்தது. இவருக்கும் நல்ல மனநிலை, வெங்காயத்தை நான் கஞ்சத்தனமாக உரிக்கிறேன் என்று குறை சொன்னார்.

சரி, இப்போது கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இரண்டு மாசமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பாராட்டு. ஊரில் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. உயிர் போகிற நேரத்திலும் என்ன தெளிவு, தனக்கு என்ன வைத்தியம் வேண்டும் என்று கையாலேயே சொல்லிவிட்டார் பாருங்கள் என்று. செய்யது நிலையம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். ஆவுடையப்பன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். இவரிடம்தான் யாரும் பேசவில்லை. பேசினால் மூச்சு வாங்கும் என்று விட்டிருந்தோம்.

"அன்னைக்குக் கண்ணாடிக்குள்ள இருந்து நாக் ஆஃப் காட்டுனியளே. எப்படி அந்த நேரத்துல உங்களுக்கு அவ்வளவு யோசனை வந்துச்சு?"

"எது?"

"கைய இப்படி வச்சியளே."

நான் வெங்காயத்தோடு கையைக் குறுக்கே வைத்துக் காட்டினேன். யோசித்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஆமா. அது ஞாபகம் இருக்கு. வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல, அது இருக்கு." நின்று மூச்சு எடுத்தார். "நீ அந்தப் பக்கம் நின்னு அழுதுக்கிட்டே இருந்த. கண்ணாடியெல்லாம் ஆவி புடிச்சு, ஒன் மூஞ்சியே தெரியல. அதான், பைப்ப மூடு டீச்சர்னேன்."

கையில் இருந்த வெங்காயம் உருண்டு போய்விட்டது.

"நான் அழல."

"சரி."

"அந்த ஊசிக்குச் சரின்னு சொல்லத்தானே காட்டுனிய?"

"எந்த ஊசி?" என்றார்.

நிஜமாகவே கேட்டார். டாக்டர் சொன்னது, தலையாட்டியது, எதுவும் இவருக்கு நினைவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருக்கிறார். எந்தக் கையை நம்பி ஓடினேனோ, எந்தக் கையைச் சாட்சி வைத்து அந்தப் பெண்ணிடம் போடுங்கள் என்றேனோ, அந்தக் கை ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டில் எப்போதும் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறது. ஆவுடையப்பன் படித்ததும் தப்பு, செய்யது படித்ததும் தப்பு, எல்லோருக்கும் மேலாக நான் படித்தது தப்பு. அத்தனை தப்புக்கு நடுவில் இந்த மனுஷன் முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயத் தோலுக்குக் கணக்குக் கேட்கிறார்.

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஊர் சொல்லிக்கொண்டிருப்பது நல்ல கதை, இருந்துவிட்டுப் போகட்டும்.

அங்கேயே அழுதேன். வெங்காயத்தால் என்று எழுதலாம். எழுதவில்லை. மே மாசத்திலிருந்து வைத்திருந்தது அத்தனையும் வந்தது, மூக்கு, வாய், சத்தம் எல்லாவற்றோடும். அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கத் தொடங்கினார். தோள்வரைக்கும் வருவதற்குள் மூச்சு வாங்கியது. மேலே கொண்டுபோய்க் குறுக்கே வைத்தால்தான் ஆச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்.

அவ்வளவு பாடுபட விடவில்லை. கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு, நானே நிறுத்திக்கொண்டேன்.